கடைக்குத் தண்ணீர் வழி எங்கே?

என் சின்ன நாத்தனார் நாலு வளையலை விற்று ஐஸ்கிரீம் கடை வைக்கிறாள். பெயர் கம்பெனியுடையது; வாடகையும் கரண்ட் பில்லும் இவளுடையது! கம்பெனி கொடுத்த பிளானைக் காட்டினாள். போர்டு நிறம், கவுண்டர் உயரம் எல்லாம் அங்குல சுத்தம்.

"ஏம்மா, பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எங்கே போகும்?" என்றேன். விழித்தாள். தரையில் கழிவுநீர்க் குழாயே போடவில்லை!

டைல்ஸ் ஒட்டிய பிறகு உடைத்தால் இரட்டைச் செலவாச்சே. அதனால் முதலில் குழாய், தரைக்குச் சின்னச் சரிவு, பாத்திரத்துக்குத் தொட்டி, கை கழுவத் தனி பேசின்.

ஐஸ்கிரீம் ஃப்ரீஸர் மைனஸ் 18 டிகிரியில் நிற்க வேண்டும். சுவரோடு ஒட்டி வைத்தால் சூடு வெளியேறாமல் மோட்டார் ஓயாமல் ஓடும், இடைவெளி விடுங்கள். எர்த் உள்ள தனி பிளக்கும் வேணும். வெயில் படுகிற வாசலில் வைக்கவே கூடாது. கம்பெனிக்காரரோ அழகுக்காக அங்கேதான் வைக்கச் சொல்கிறார்!

காபியும் போடுவதானால் கடைக்கான 19 கிலோ சிலிண்டர்தான். வீட்டு சிலிண்டரைத் தூக்கி வரக்கூடாது.

எதெதைக் கம்பெனியிடமே வாங்கணும், எதை வெளியில் வாங்கலாம் என்று எழுத்தில் கேட்கச் சொன்னேன். குழாய் பதித்தாகிவிட்டது. வாசல் ஃப்ரீஸர்தான் இன்னும் பேச்சில் இருக்கிறது.