இரவல் கொடுத்த வண்டி



சென்ற மாதத்தில் ஒரு ஞாயிறன்று இரண்டாம் திருப்பலியை முடித்துத் திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்த வேளையில், செங்கம் சாலைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வரும் நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் அறைவாயிலில் வந்து நின்றார். இரண்டு ஏக்கர் நிலத்தில் மணிலா பயிரிட்டுப் பிழைக்கும் எளிய மனிதர். "தோத்திரம் சாமி" என்றவர், மேற்கொண்டு பேச நா எழாமல், மடித்து மடித்து விளிம்பு நைந்துபோன ஒரு தாளை நீட்டினார். நீதிமன்றத்திலிருந்து வந்த நோட்டீசு அது. 11 இலட்சம் ரூபாயும் அதற்கு வட்டியும் அவர் செலுத்த வேண்டுமாம். கேட்பவரோ அவருடைய மோட்டார் சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் வழங்கிய அதே கம்பெனி!

"வருஷம் தவறாம பணம் கட்டினவன் நான் சாமி. நான் கட்டின கம்பெனியே எம்மேல கேஸ் போடுதே, இது எந்த ஊர் நியாயம்?" என்று கேட்டார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில், மருந்து வாங்கி வருவதாகச் சொல்லி அவருடைய அக்காள் மகன் அந்த வண்டியை இரவல் வாங்கிச் சென்றிருக்கிறான். பத்தொன்பது வயதுப் பிள்ளை, லைசென்ஸ் எடுத்திருக்கவில்லை. வேலை முடிந்து சாலையோரமாக வீடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு கூலித் தொழிலாளியின் மீது வண்டி மோதியது. மூன்றாம் நாள் அம்மனிதர் இறந்துபோனார். அவருக்கு மனைவியும் இரண்டு சிறு பிள்ளைகளும் உண்டு.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளைப் படித்தபோது எனக்கும் கம்பெனியின் மீதே சினம் மூண்டது. நம் பங்கு வழக்கறிஞர் ஒருவரிடம் இரண்டு மாலைகள் உட்கார்ந்து பாடம் கேட்ட பின்னர்தான், செய்தி நான் எண்ணியதுபோல் அத்தனை எளிதன்று என விளங்கிற்று.

முற்காலத்தில் இன்சூரன்ஸ் தொகைக்கே ஓர் எல்லை இருந்தது. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, ஒரு சரக்கு லாரி விளைத்த விபத்துக்குக் கம்பெனி கொடுக்க வேண்டிய கட்டாயத் தொகை, 1969ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 50,000 ரூபாயாகவும், 1982ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 1,50,000 ரூபாயாகவும் குறிக்கப்பட்டிருந்தது. தீர்ப்புத் தொகை அதற்கு மேற்பட்டால், கூடுதல் பணம் கட்டி விரிவான பாலிசி எடுத்திராத சொந்தக்காரரே மீதியைக் கொடுக்க வேண்டும். 1989 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், உயிரிழப்புக்கும் உடற்காயத்துக்கும் அவ்வெல்லையை நீக்கிவிட்டது. எனவே இன்று பெருந்தொகைத் தீர்ப்பைக் கேட்டு மட்டும் நாம் அஞ்ச வேண்டியதில்லை. நம்மைக் கவிழ்ப்பது பாலிசியின் நிபந்தனையை மீறிய செயல். லைசென்ஸ் இல்லாதவன் கையில் வண்டியைக் கொடுப்பது அவற்றுள் தலையாயது.

அப்படி மீறிய இடத்தில் கம்பெனி கையை விரித்துவிட்டால் இறந்தவரின் குடும்பம் என்னாகும்? இதற்கு உச்ச நீதிமன்றம் 2004 ஜனவரி 5ஆம் நாள், சுவரண் சிங் வழக்கு என வழங்கப்படும் வழக்கில் விடை சொல்லிற்று. முதலில் கம்பெனி பாதிக்கப்பட்டவர்க்குப் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும்; பின்னர் அதை வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். அவர் தராவிடில், மாவட்ட ஆட்சியர் வழியாக நிலவரி நிலுவையைப் போல வசூலிக்கவும் இடமுண்டு. நம்மூர்க்காரர்க்கு அது வேங்கிக்காலிலிருந்து வரும் ஜப்தி என்று சொன்னால் எளிதில் விளங்கும். இதற்கெனக் கம்பெனி தனியாக ஒரு சிவில் வழக்குத் தொடுக்க வேண்டியதும் இல்லை; தீர்ப்பை நிறைவேற்றும் நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம் என்று அதே ஆண்டில் நஞ்சப்பன் வழக்கில் தீர்ப்பாயிற்று.

இதைக் கேட்டபின் என் சினம் சற்றே தணிந்தது. அந்தக் கைம்பெண்ணுக்குப் பணம் வந்து சேர்ந்துவிட்டது. நம் மனிதர் நிலத்தை விற்றுக் கொடுக்கும்வரை அவர் காத்திருக்க நேர்ந்திருந்தால், அந்தப் பிள்ளைகள் இந்நேரம் எந்தச் செங்கற்சூளையில் வேலை செய்துகொண்டிருக்குமோ! சட்டம் இவ்விடத்தில் இரக்கத்தோடுதான் நடந்துகொண்டிருக்கிறது. அந்த இரக்கத்தின் விலையை நம் பங்கு மனிதர் கட்டுகிறார் என்பதும் உண்மையே.

நிற்க. அவர் செய்த இரண்டாவது பிழையொன்று உண்டு. முதற்பிழையைவிட அதுவே என்னை அதிகம் வருத்திற்று.

விபத்து நடந்த ஆண்டிலேயே மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து அவருக்குச் சம்மன் வந்திருக்கிறது. "எல்லாம் இன்சூரன்ஸ்காரன் பாத்துக்குவான்" என்று படித்தவர் ஒருவர் சொன்ன சொல்லை நம்பி, அதை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். அவர் போகவில்லை. எக்ஸ்பார்ட்டி ஆக்கப்பட்டார். கம்பெனியின் வழக்கறிஞர் போனார். லைசென்ஸ் இல்லை என்றார். மறுத்துச் சொல்ல எவரும் இல்லை.

சுவரண் சிங் தீர்ப்பிலேயே சொந்தக்காரருக்கும் ஒரு புகலிடம் வைக்கப்பட்டிருக்கிறது. லைசென்ஸ் இல்லை என்று காட்டினால் மட்டும் போதாது. சொந்தக்காரர் தக்க கவனம் எடுக்கத் தவறினார் என்பதையும் கம்பெனியே மெய்ப்பிக்க வேண்டும். ஓட்டுநர் காட்டிய லைசென்சைப் பார்த்து, அவன் ஒழுங்காக ஓட்டுகிறானா என்றும் பார்த்து அமர்த்திய ஒருவர், அது மெய்யானதுதானா என்று ஆர்.டி.ஓ. அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியதில்லை என 2003இல் லெஹ்ரு வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நம்மவர் போயிருந்தால் வென்றிருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். அவன் தம் அக்காள் மகன், லைசென்ஸ் இல்லாதவன் என்று அவருக்கே தெரியும். ஆயினும் தம் நிலையை ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லவாவது அங்கே அவர் நின்றிருக்கலாம் அன்றோ?

விடுதலைப் பயண நூலின் 21ஆம் அதிகாரத்தில் முட்டும் மாட்டைப் பற்றிய சட்டம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். மாடு திடீரென ஒருவரை முட்டிக் கொன்றால் மாட்டுக்காரன்மேல் பழி இல்லை. அது முட்டும் மாடு என்று முன்பே எச்சரிக்கப்பட்டும் அவன் கட்டிவைக்காமல் விட்டிருந்தால் வழக்கு வேறு. மாட்டுக்காரனுக்குத் தெரியுமா, தெரிந்தும் என்ன செய்தான் என்று மோசே காலத்தில் கேட்ட கேள்வியையே தீர்ப்பாயம் இன்றும் கேட்கிறது. குருமடத்தில் இப்பகுதியைப் படித்தபோது, இது நமக்கு எதற்கு என்று நான் கொட்டாவி விட்டது நினைவிருக்கிறது.

பதினெட்டு நிரம்பாத பிள்ளைகளிடம் சாவியைக் கொடுக்கும் தந்தையருக்கும் ஒரு வார்த்தை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தமக்குத் தெரியாமல் நடந்ததென மெய்ப்பித்தாலன்றி, அக்குற்றம் பெற்றோர்மேலும் வண்டிச் சொந்தக்காரர்மேலும் விழும்: மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவும் பன்னிரண்டு மாதங்களுக்கு ரத்தாகும். இழப்பீடு இதில் சேர்த்தியில்லை.

பிறரை மட்டும் குறை சொல்லி இக்கடிதத்தை முடிக்க என் மனச்சான்று இடந்தரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் சேத்துப்பட்டு லூர்து மாதா திருவிழாவிற்கு, நம் பாடகர் குழுப் பிள்ளைகளை ஒரு சரக்கு வண்டியில் ஏற்றி அனுப்பியவன் நானே. வண்டிக்காரர் நம் பங்கைச் சேர்ந்தவர். டீசல் காசு மட்டும் பெற்றுக்கொண்டார். சரக்கோடு செல்லும் சரக்கின் சொந்தக்காரரையோ அவருடைய ஆளையோ தவிர, சரக்கு வண்டியில் ஏறும் பயணிகளைக் கட்டாயக் காப்பீடு சேராது என்று அன்று எனக்குத் தெரியாது. வழியில் ஏதேனும் நேர்ந்திருந்தால், அப்பிள்ளைகளின் வீடுகளுக்கு நான் என்ன முகத்தோடு போயிருப்பேன்? உதவி செய்த அந்த நல்ல மனிதரின் வீடும் ஏலத்துக்கு வந்திருக்கும். 2023 அக்டோபரில் செங்கம் அருகே அடுத்தடுத்து நடந்த இரண்டு விபத்துகளைப் பற்றிச் செய்தித்தாளில் படித்தபோது, எனக்கு அந்தச் சரக்கு வண்டிதான் கண்முன் வந்தது.

மணிலா விவசாயியின் செய்தியைக் கேட்பீர்கள். தவணையில் கட்ட மனுப் போட்டிருக்கிறார். அரை ஏக்கருக்கு விலை பேசுகிறார்கள். அக்காள் மகன் பெங்களூரில் கட்டட வேலை செய்து மாதந்தோறும் ஏதோ அனுப்புகிறான். மாமன் வீட்டுப் படியேற மட்டும் இன்னும் கூசுகிறான். அக்காளும் தம்பியும் கோயிலில் எதிரெதிர்ப் பக்கமாக உட்காருகிறார்கள். அவர்களிடம் நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறன்று திருப்பலிக்குப்பின், மேற்சொன்ன வழக்கறிஞர் பங்கு மன்றத்தில் இருப்பார். பாலிசி, ஆர்.சி. புத்தகம், லைசென்ஸ் மூன்றையும் எடுத்து வாருங்கள். பெட்டியில் பூட்டிவைத்த சம்மன் ஏதும் இருப்பின், அதை முதலில் எடுத்து வாருங்கள். சேத்துப்பட்டுத் திருவிழாவிற்கு இவ்வாண்டு பேருந்துக்குச் சொல்லியாகிவிட்டது. தலைக்கு ஆகும் கூடுதல் கட்டணத்தைப் பற்றி முணுமுணுப்பவர்கள் என்னிடமே நேரில் வந்து முணுமுணுக்கலாம்.