முக்கியமானவை என்று எழுதிய மூன்று உறைகள்

ஆங்கிலப் புத்தாண்டு பிறந்துவிட்டது. வங்கிகளும் காப்புறுதிக் கம்பனிகளும் வழங்கிய நாட்குறிப்பேடுகள் வழக்கம்போல மேசைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. என்னிடம் இவ்வாறு சேர்ந்த பழைய நாட்குறிப்பேடுகள் முப்பதுக்குக் குறையாமல் இருக்கும். அவற்றைப் புரட்டிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஜனவரி முதலாந் திகதி கையெழுத்து அச்செழுத்துப்போல் இருக்கும். ஏழாந் திகதியளவில் கிறுக்கலாகும். தைப்பொங்கலுக்குப் பின்னர் எல்லாப் பக்கங்களும் வெறுமையே. "இவ்வருடம் மேசையை ஒழுங்குபடுத்த வேண்டும்" என்ற வாசகம் மட்டும் பெரும்பாலான ஏடுகளின் முதற் பக்கத்தில் மாறாமல் இடம்பெற்றிருக்கிறது.

அரசாங்க அலுவலகங்களில் கோப்புகள் காணாமற் போவதைக் கண்டித்து நான் எழுதிய கட்டுரைகளுக்குக் கணக்கில்லை. அவற்றை எழுதிய மேசையிலோ, தேநீர்க் கோப்பை ஒன்றை வைப்பதற்குக்கூட இடமிருக்கவில்லை. ஊருக்கு உபதேசம் செய்பவர்களின் வீட்டு நிலைவரம் பெரும்பாலும் இப்படித்தான் என்று சிரித்துக்கொண்டு காலத்தைக் கடத்திவந்தேன். அந்தச் சிரிப்பை நிறுத்தியது ஒரு தொலைபேசி அழைப்பு.

கடந்த மார்கழியில் கனடாவிலிருந்து மூதாட்டி ஒருவர் என்னைத் தேடிப் பேசினார். 2002ஆம் ஆண்டு ஏ9 பாதை திறக்கப்பட்டதன் பின்னர் நான் வன்னிக்குச் சென்று சில கூத்துக் கலைஞர்களைச் சந்தித்துக் கட்டுரைகள் எழுதியிருந்தேன். கோவலன் கூத்துக்குப் பெயர்பெற்ற முல்லைத்தீவுப் பகுதியில் நான் சந்தித்த அண்ணாவியார் ஒருவரின் தங்கை அவர்.

"தம்பி, நீங்கள் அண்டைக்கு அண்ணையின்ரை படம் ஒண்டு வாங்கிக்கொண்டு போனனீங்கள். பேப்பரிலை போட்டிட்டுத் திருப்பித் தாறனெண்டு சொன்னனீங்கள். அண்ணை 2009க்கு முதலே மோசம் போட்டார். இருந்த படமெல்லாம் கடைசிச் சண்டையோடை போட்டுது. பேரப்பிள்ளையள் அவற்றை முகம் எப்பிடியெண்டு கேக்கினம். அது உங்களிட்டை இருக்கோ, தம்பி?"

அவருடைய குரலில் குற்றச்சாட்டு எதுவும் இருக்கவில்லை. அதுவே எனக்குப் பெருந் தண்டனையாக இருந்தது. படத்தை வாங்கியது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்ததாக நினைவில்லை. "தேடிப் பார்த்துச் சொல்லுறன், அக்கா" என்று கூறிவிட்டுத் தேட ஆரம்பித்தேன்.

மூன்று நாட்கள் தேடியும் பயனில்லை. நான்காம் நாள் அலுமாரியின் அடித்தட்டில் "முக்கியமானவை" என்று என் கையாலேயே எழுதப்பட்ட பழுப்பு நிற உறையொன்று அகப்பட்டது. அதே தலைப்பில் வேறு இரண்டு உறைகளை ஏற்கெனவே மேலே கண்டிருந்தேன். ஒன்றில் காலாவதியான உத்தரவாதப் பத்திரங்கள். மற்றையதில் திகதி குறிக்கப்படாத பத்திரிகை நறுக்குகள். மூன்றாவது உறையில் ஆறு புகைப்படங்கள் இருந்தன. எவற்றின் பின்புறத்திலும் ஓர் எழுத்துக்கூட இல்லை. கூத்து உடையுடன் நிற்கும் ஒருவர் அவராக இருக்கலாம் என்று ஊகித்து, அதனைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து அனுப்பினேன். சில நிமிடங்களில் மறுபுறத்திலிருந்து அழுகைதான் பதிலாக வந்தது. அவர்தான்.

இச்சம்பவத்தைக் கேட்ட நண்பரொருவர் எனக்கு ஆறுதல் கூறினார். "நீங்கள் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்திருந்தால் அந்தப் படமும் வன்னியில் அழிந்திருக்கும். உங்களுடைய ஒழுங்கீனம்தான் அதைக் காப்பாற்றியது" என்றார். கேட்பதற்கு இதமாகவே இருந்தது. ஆனால், அந்த ஆறுதலை ஏற்க எனக்கு மனமில்லை. தற்செயலாகத் தப்பியதைப் பாதுகாத்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு, மூலத்தை அந்த வாரமே திருப்பிக் கொடுத்து, பிரதியின் பின்னால் பெயரையும் ஊரையும் எழுதி வைத்திருந்தால், அந்தக் குடும்பம் இத்தனை வருடங்கள் அந்த முகத்தைத் தேடியிருக்க வேண்டியதில்லை. நான் செய்யத் தவறியது பத்து நிமிட வேலை.

ஒழுங்கு என்பதை எங்கள் வீட்டில் நன்கறிந்தவர் என் தந்தையார். அவரிடம் ஒரு பழைய பிஸ்கட் தகரம் இருந்தது. காணி உறுதி, எல்லோருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், பெற்றோரின் விவாகப் பதிவு, எங்கள் பரீட்சைப் பெறுபேறுகள், ஓய்வூதியக் கடிதம் ஆகிய யாவும் பொலித்தீன் பையில் சுற்றப்பட்டு அதற்குள் இருக்கும். மூடியின் உட்புறத்தில் உள்ளே இருப்பவற்றின் பட்டியல் ஒட்டப்பட்டிருக்கும். வீட்டில் வேறு எந்தப் பொருளும் எங்கேயும் கிடக்கலாம். அந்தத் தகரம் மட்டும் சுவாமி அறையின் வலது மூலையைவிட்டு அசையாது. இதைப் பார்த்து நாங்கள் கேலி செய்ததுண்டு.

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வீதிக்கு இறங்கியபோது, கொட்டும் மழையில் நாங்களும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தோம். புறப்படும்போது அம்மா கேட்ட ஒரே கேள்வி, "தகரம் எடுத்தாச்சோ?" என்பதுதான். தந்தையார் அதனைச் சாரத்தால் சுற்றி மார்போடு அணைத்திருந்தார். "மற்றதெல்லாம் பிறகு வாங்கலாம், இது வாங்கேலாது" என்றார். பின்னர் நான் தொழிலுக்காகக் கொழும்புக்கு வந்தபோதும், ஊருக்குத் திரும்பிக் காணிக்கு உரிமை கோரியபோதும், அந்தத் தகரமே எங்களுக்காகப் பேசியது. இருட்டிலும் பதற்றத்திலும் தேடாமல் எடுக்கக்கூடியதாக இருந்தமையே அந்த ஒழுங்கின் பெறுமதி.

இன்று ஒழுங்கைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் கழித்து எறிவதைப் பற்றியே பேசுகின்றனர். ஜப்பானியரான மரி கொண்டோவின் நூல் 2011இல் வெளிவந்து, பின்னர் உலகெங்கும் பரவியது. ஒரு பொருளைக் கையில் எடுத்து, அது மகிழ்ச்சி தருகிறதா என்று பார்த்து, தராவிட்டால் நன்றி கூறி அனுப்பிவிட வேண்டும் என்பது அவருடைய முறை. உடுப்பு அலுமாரிக்கு இது நல்ல மருந்து என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், தந்தையாரின் மரண அத்தாட்சிப் பத்திரத்தைக் கையில் எடுத்தால் யாருக்கு மகிழ்ச்சி வரும்? இடம்பெயர்ந்தோர் முகாமில் வழங்கிய பதிவுத் துண்டு யாருக்கு மகிழ்ச்சி தரும்? எம்மைப் போன்றவர்களின் வீடுகளில் மகிழ்ச்சி தராத கடதாசிகளே பெரும்பாலும் மிகவும் தேவையான கடதாசிகளாக இருக்கின்றன.

இலங்கையில் அதைவிட நன்கு அறியப்பட்டது மற்றொரு ஜப்பானிய முறையான 'ஐந்து எஸ்'. வேண்டாதவற்றைப் பிரித்தல், வேண்டியவற்றை உரிய இடத்தில் வைத்தல், துப்புரவு செய்தல், அதனை நியமமாக்குதல், பழக்கமாக்குதல் என்பனவே அந்த ஐந்தும். கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலை இம்முறையைக் கைக்கொண்டு பெயர்பெற்றது. எமது அலுவலகங்கள் பலவற்றிலும் இதற்கான சுவரொட்டிகளைக் காணலாம். முதல் மூன்றும் ஒரு சனிக்கிழமையில் முடிந்துவிடும். பின்னைய இரண்டிலும்தான் நாம் தோற்றுப்போகிறோம். என்னுடைய நாட்குறிப்பேடுகள் அதற்குச் சாட்சி.

இந்த ஐந்துடன் எமது அனுபவம் ஆறாவதாக ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறது. எதையும் ஒரே இடத்தில், ஒரே பிரதியாக வைத்திருக்கக் கூடாது என்பதே அது. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. அவற்றுள் வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகளே மீட்க முடியாத இழப்பாயின. அந்த நூலகம் நேர்த்தியாக ஒழுங்குபடுத்தப்பட்டிருந்தது. நேர்த்தி அதனைக் காப்பாற்றவில்லை. 2004 டிசம்பர் 26ஆந் திகதி கரையோர மக்களின் வீடுகளோடு பத்திரங்களையும் கடல் கொண்டுபோனது. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளியின் வெள்ளமும் மண்சரிவும் மலையகத்திலும் ஏனைய பகுதிகளிலும் எத்தனையோ குடும்பங்களை அதே நிலைக்குத் தள்ளின. தம்மை யாரென்று நிரூபிப்பதற்காக ஒருவர் பிரதேச செயலகத்தின் வரிசையில் நிற்பதைப் போன்ற கொடுமை வேறில்லை.

கணினி வந்துவிட்டதே என்று சிலர் கேட்கலாம். என் கணினியைத் திறந்து பார்த்தால் அந்த நம்பிக்கை போய்விடும். "கட்டுரை", "கட்டுரை புதியது", "கட்டுரை இறுதி", "இறுதி 2" என்ற பெயர்களில் கோப்புகள் வரிசையாகக் கிடக்கின்றன. எது இறுதியானது என்று எழுதியவனுக்கே தெரியாது. அதனிலும் கொடியது எழுத்துருச் சிக்கல். ஒருங்குறி பரவலாவதற்கு முன்னர் எம்மில் பலர் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தோம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்புகளைத் திறந்தால், தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையே தெரியும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உள்ளன. நெகிழ்வட்டிலும் இறுவட்டிலும் கிடப்பவற்றையோ, அவற்றை வாசிக்கும் சாதனம் கையில் இருக்கும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும்.

ஆகவே, இவ்வருடம் பெரிய தீர்மானம் எதையும் நான் எடுக்கவில்லை. வீட்டில் மூன்று, அலுவலகத்தில் இரண்டு என்று ஐந்து சிறு வேலைகளை மட்டும் ஆரம்பித்திருக்கிறேன்.

வீட்டில் முதலாவது, தந்தையாரின் தகரத்தை மீண்டும் உருவாக்குவது. முக்கியமான பத்திரங்கள் யாவும் ஒரே கோப்பில், முன்பக்கத்தில் பட்டியலுடன். அது எங்கே இருக்கிறது என்பது என்னைத் தவிர இன்னும் இருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். வீட்டுத் தலைவர் நோயில் விழுந்த பின்னர் காப்புறுதிப் பத்திரத்தைத் தேடி அலைந்த குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது, அவற்றின் பிரதிகளை எடுத்து, ஒரு தொகுதியை வேறு ஊரில் இருக்கும் உறவினரிடமும், மற்றொன்றை மின்னஞ்சலிலும் வைப்பது. பிரதி மூலத்துக்கு ஈடாகாது என்பது உண்மையே. ஆயினும், உறுதியின் இலக்கமும் திகதியும், அதனை எழுதிய நொத்தாரிசின் பெயரும் கையில் இருந்தால், காணிப் பதிவகத்தில் பிரதி தேடுவது எளிதாகும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பதிவு இலக்கமும் அவ்வாறே. புலம்பெயர்ந்து வாழும் வாசகர்கள் இதனைத் தம் கடமையாக ஏற்கலாம். ஊரிலுள்ள முதிய பெற்றோரின் பத்திரங்களைப் பாதுகாக்க உங்களைவிடத் தகுந்தவர் யார்?

மூன்றாவது, புகைப்படங்களின் பின்னால் மென்மையான பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை எழுதுவது. வீட்டில் முகங்களை அடையாளம் காட்டக்கூடிய முதியவர் இருக்கும்போதே இதனைச் செய்துவிட வேண்டும். அந்தியேட்டியன்று வெளியிடப்பட்ட நினைவு மலர்களையும் பழைய சஞ்சிகைகளையும் கடைக்கு நிறுத்து விற்பதற்கு முன்னர் ஒரு கணம் யோசியுங்கள். 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' இணைய நூலகம் இத்தகையவற்றை எண்ணிமப்படுத்தி யாவரும் படிக்கக்கூடியவாறு வைத்திருக்கிறது. வம்சாவளியும் ஊர் வரலாறும் பல வேளைகளில் நினைவு மலர்களில்தான் எஞ்சியிருக்கின்றன.

அலுவலகத்தில் முதலாவது, எந்தவொரு நறுக்கையும் பத்திரிகையின் பெயர், திகதி, பக்கம் ஆகியவற்றை எழுதாமல் உறையில் இடுவதில்லை. திகதியில்லாத செய்தி சாட்சியாகாது. கணினிக் கோப்பின் பெயரும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையிலேயே தொடங்க வேண்டும். அப்போது கோப்புகள் தாமாகவே கால வரிசையில் அமைந்துவிடும். இரண்டாவது, வீட்டுக்குப் புறப்படுவதற்கு முன் பத்து நிமிடம். அன்றைக்கு வந்தவற்றை அன்றைக்கே உரிய இடத்தில் சேர்ப்பதற்கு அது போதும். ஒரே நாளில் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்த முயன்றவர்கள் மறுநாள் அந்தப் பக்கமே போகமாட்டார்கள் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட தமது ஐந்து விதிகளுள், வாசகரின் நேரத்தைக் காப்பதையும் ஒன்றாகச் சேர்த்தார். அடுக்கி வைப்பவருடைய வசதியைவிடத் தேடி வருபவருடைய தேவை பெரிதென்பதை உணர்த்தும் விதி அது. வீட்டுக்கும் அதுவே பொருந்தும். நாம் ஒழுங்குபடுத்துவது நமக்காக மட்டுமல்ல. நாம் இல்லாத ஒரு நாளில் தேடப்போகும் ஒருவருக்காகவும்தான்.

அண்ணாவியாரின் படம் கனடாவுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. பெரிதாக்கிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருப்பதாக அந்த அக்கா அறிவித்தார். என்னைக் கோபிக்கவில்லை. "உங்களிட்டை இருந்தபடியால்தான் கிடைச்சது, தம்பி" என்றார்.

அதே உறையிலிருந்த ஏனைய ஐந்து படங்களும் இப்போது என் மேசையில் இருக்கின்றன. பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி. மீன்பிடி வள்ளமொன்றின் அருகே இரு சகோதரர்கள் போன்ற இளைஞர்கள். தலைப்பாகையுடன் ஒரு முதியவர். திருமணக் கோலத்தில் ஒரு தம்பதியர். கைக்குழந்தையுடன் ஒரு தாய். யாரோ நம்பிக் கொடுத்தவை. யார் கொடுத்தார்கள், எந்த ஊரில் வாங்கினேன் என்பது எனக்கு நினைவில்லை. அவர்களில் எவராவது தொலைபேசியில் அழைக்க இன்னும் இருக்கிறார்களா என்பதும் தெரியாது.

மேசை இப்போது ஓரளவு துப்புரவாக இருக்கிறது. தேநீர்க் கோப்பைக்கும் இடமிருக்கிறது. அந்த ஐந்து படங்களை மட்டும் எந்த உறையில் இடுவது, உறையின் மேல் என்ன எழுதுவது என்று தெரியாமல் இருக்கிறேன்.