நினைவு தெளிவாய் இருக்கும்போதே



குளுவாங் பக்கம் ஒரு பெரியவர். காலமெல்லாம் பால்மரம் சீவியவர். திடீரென்று பக்கவாதம். பேங்கில் பணம் கிடந்தும், பெற்ற பிள்ளைகளையே அடையாளம் தெரியவில்லை. வைத்தியச் செலவுக்கு மகள் சங்கிலியை அடகு வைத்தாள்.

“பவர் எழுதி வாங்கிட்டா போதாதா டிரஸர் ஐயா?” என்பீர்கள். போதாது. புத்தி தடுமாறினால் சாதாரண பவர் பத்திரம் நம் நாட்டில் நிற்காது. 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி ஜொகூர் பாரு, மூவார் என்று உயர் நீதிமன்றம் ஏறவேண்டும். வக்கீலுக்கு யார் கொடுப்பது?

அப்பா அம்மா தெளிவாய் இருக்கும்போதே உட்கார்ந்து பேசுங்கள். கவனிக்கிற பிள்ளையோடு கூட்டுக் கணக்கு வைக்கலாமா என்று பேங்கில் கேளுங்கள். சேமநிதியில் வாரிசுப் பெயரைச் சரிபாருங்கள். ஆளுக்கு மாதம் எத்தனை வெள்ளி என்று முடிவு செய்யுங்கள்.

“பணத்துக்கு அலையுறான்” என்று லயத்தில் பேசுவார்கள். பேசட்டும்! ரத்தக் கொதிப்பும் இனிப்புநீரும் நாள் பார்த்தா வருகின்றன?