‘எல்லாம் ரெடி சார்!’ - இந்த வார்த்தையை நம்பி லாரியை அனுப்பலாமா?

ஒரு காட்சியைக் கற்பனை பண்ணிக்கோங்க. மார்ச் 31, மாலை 6 மணி. திருச்சி துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட். லோடு ஏத்தி, தார்ப்பாய் கட்டி, லாரி கேட் பக்கத்தில் நிற்கிறது. “அண்ணே, அஞ்சே நிமிஷம்” என்று அக்கவுண்ட்ஸ் பெண் டிரைவரிடம் சொல்லி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. இ-வே பில் வரவில்லை. ஸ்க்ரீனில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

போன வாரம்தான் புது சாஃப்ட்வேர் ‘கோ-லைவ்’ ஆனது. டெமோவில் மூன்று நொடியில் பில் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

ஐடி துறையில் இருப்பவர்களுக்கு இந்த வட்டம் நன்றாகத் தெரியும். நவல்பட்டு ஐடி பார்க்கில் வேலை பார்ப்பவர்களில் சிலர் அந்த சாஃப்ட்வேரை எழுதும் பக்கம், துவாக்குடிக்காரர்கள் அதில் மாட்டிக்கொள்ளும் பக்கம். இரண்டு தரப்புக்கும் நடுவில் நிற்பது ஒரே கேள்விதான்: ஒரு சாஃப்ட்வேர் ‘ரெடி’ என்று எதை வைத்துச் சொல்வது?

நடுவில் இருக்கும் அந்தப் பாலம்

ஒரு கம்பெனியில் கணக்குக்கு டேலி அல்லது ஈஆர்பி, சரக்கு இருப்புக்கு வேறொன்று, பணத்துக்கு வங்கியின் தளம், வரிக்கு ஜிஎஸ்டி தளம் என நாலைந்து சாஃப்ட்வேர்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு பாஷை பேசும. நடுவில் உட்கார்ந்து, ஒன்று சொல்வதை இன்னொன்றுக்குப் புரியும்படி மாற்றி அனுப்புவதுதான் ‘இன்டகிரேஷன் பிளாட்ஃபார்ம்’. மியூல்சாஃப்ட், பூமி (நம்ம பூமி இல்லை, அமெரிக்க கம்பெனி), சோஹோ ஃப்ளோ, இலவசமாகக் கிடைக்கும் அப்பாச்சி கேமல் எல்லாம் இந்த ரகம்.

திருச்சிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஸ்ரீரங்கத்தையும் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தையும் இணைக்கும் காவிரிப் பாலத்தைப் பராமரிப்புக்காக 2022-ல் மூடி, 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். பாலத்தின் மேல் வீடும் இல்லை, கடையும் இல்லை. ஆனால் அதை மூடியதும் இரண்டு கரையிலும் நேரம் தவறியது. ஓயாமரி, சென்னை பைபாஸ் என்று சுற்றிப் போனவர்களுக்கு அது நன்றாக நினைவிருக்கும்.

இன்வாய்ஸ் விஷயத்தில் இந்தப் பாலம் இன்னும் சீரியஸ். 2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் மற்ற நிறுவனங்களுக்குப் போடும் பில்லை ‘ஐஆர்பி’ எனும் பதிவுத் தளத்துக்கு அனுப்பி, ஐஆர்என் என்ற 64 எழுத்து எண்ணை வாங்கியாக வேண்டும். அந்த எண் இல்லாவிட்டால், ஜிஎஸ்டி விதி 48-ன்படி அது இன்வாய்ஸே இல்லை. வாங்கியவருக்கு இன்புட் கிரெடிட் சிக்கலாகும், அவர் பணத்தை நிறுத்தி வைப்பார், சனிக்கிழமை கூலி கொடுக்க ஓனர் கடன் கேட்டு அலைவார். 2025 ஏப்ரல் 1 முதல் 10 கோடியும் அதற்கு மேலும் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு இன்னொரு கெடு உண்டு. பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் பதிவு செய்யாவிட்டால் தளம் ஏற்காது.

அதனால், பாலம் மூடிக்கிடந்தால்கூடப் பரவாயில்லை, சுற்றிப் போகலாம். திறந்திருப்பது போலத் தெரிந்து வண்டியை ஆற்றில் இறக்கினால்தான் ஆபத்து.

ஹீத்ரோவில் மறந்துபோன ஒரு ஃபில்டர்

இதற்கு உலகமே பார்த்த உதாரணம் ஒன்று இருக்கிறது. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் 5-வது டெர்மினல், சுமார் 430 கோடி பவுண்டு செலவில் கட்டியது. 2008 மார்ச் 14 அன்று எலிசபெத் ராணி திறந்துவைத்தார். மார்ச் 27 அன்று பயணிகளுக்குத் திறந்தார்கள். முதல் ஐந்து நாளில் சுமார் 500 விமானங்கள் ரத்து. 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் உரியவரோடு போய்ச் சேரவில்லை.

பெல்ட், மோட்டார் என்று பல சிக்கல்கள் இருந்தன. கார் நிறுத்த இடம் தேடியே ஊழியர்கள் லேட் ஆனார்கள். ஆனால் நமக்கு முக்கியமானது வேறு. சோதனை நடந்த காலத்தில், டெர்மினலின் சோதனைத் தகவல்கள் ஹீத்ரோவின் நிஜ சிஸ்டங்களுக்குப் போய்க் குழப்பக் கூடாது என்று நடுவில் ஒரு மெசேஜ் ஃபில்டர் போட்டிருந்தார்கள். நல்ல யோசனைதான். திறப்பு நாளில் அதை எடுக்க மறந்துவிட்டார்கள். மற்ற விமானங்களிலிருந்து மாறி வரும் பெட்டிகளின் தகவல் உள்ளே வரவே இல்லை. ‘இது யார் பெட்டி?’ என்று தெரியாமல் சிஸ்டம் அவற்றைக் கையால் பிரிக்கும் இடத்துக்குத் தள்ளியது. அங்கே மலை போலக் குவிந்தது.

ஒத்திகையே நடக்கவில்லை என்று நினைக்காதீங்க. ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் பெட்டியோடு நடந்து பார்த்தார்கள். ஆனால் கட்டட வேலை தள்ளிப்போனதில் சிஸ்டம் சோதனைக்கான நேரம் சுருங்கியது. தேதியை மட்டும் யாரும் தள்ளவில்லை.

இந்த இடத்தில் நம்ம ஊர் ஏர்போர்ட்டைச் சொல்லத்தான் வேண்டும். திருச்சி விமான நிலையத்தின் புதிய டெர்மினலைப் பிரதமர் 2024 ஜனவரி 2 அன்று திறந்துவைத்தார். பயணிகள் பயன்பாட்டுக்கு வந்தது ஜூன் 11-ல். ‘திறந்தாச்சே, ஏன் இன்னும் பழைய டெர்மினல்?’ என்று ஐந்து மாதம் கேட்கத் தோன்றும்தான். ஆனால் ரிப்பன் வெட்டும் தேதியும் முதல் பயணி உள்ளே வரும் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. சாஃப்ட்வேருக்கும் அதேதான்.

துவாக்குடியின் ஃபில்டர் எது?

இ-இன்வாய்ஸை ஏபிஐ மூலம் இணைப்பவர்களுக்குத் தேசிய தகவலியல் மையம் ‘சாண்ட்பாக்ஸ்’ எனும் சோதனைத் தளத்தைக் கொடுக்கிறது. அங்கே எத்தனை பில் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். ஐஆர்என் வரும், க்யூஆர் கோடு வரும், எல்லாம் நிஜம் போலவே இருக்கும். ஆனால் சட்டப்படி அதற்கு மதிப்பு இல்லை.

கோ-லைவ் அன்று பத்து செட்டிங்கில் ஒன்பதை மாற்றி, ஒன்றை சாண்ட்பாக்ஸ் முகவரியிலேயே விட்டுவிட்டால்? ஸ்க்ரீனில் பச்சை டிக் வரும். லாரி போகும். செக்போஸ்ட்டிலோ, மாதக் கடைசியில் கணக்கைச் சரிபார்க்கும்போதோதான் தெரியும். ‘டெஸ்ட்’ என்று மட்டும் ஒரு நோட்டிஃபிகேஷன் உங்க போனுக்கு எப்போதாவது வந்திருக்கிறதா? அது இதே தவறு, திசைதான் வேறு.

அதனால் வெண்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘சோதனைக்காகப் போட்ட எதையெல்லாம் எடுக்கணும்? லிஸ்ட் இருக்கா?’ என்பதுதான். லிஸ்ட் இல்லை என்றால் தேதியைத் தள்ளிவிடலாம்.

இன்னொன்று, டைம்-அவுட். பில் ஐஆர்பி-க்குப் போய்விட்டது, பதில் திரும்பி வருவதற்குள் லைன் கட். பில் பதிவானதா, இல்லையா? நல்ல பிளாட்ஃபார்ம் மறுபடி அனுப்பும், பிரச்னை இல்லை. ஐஆர்என் என்பது விற்பவரின் ஜிஎஸ்டி எண், பில்லின் வகை, பில் எண், நிதியாண்டு ஆகியவற்றிலிருந்து கணக்கிடப்படுவது. அதே பில் இரண்டாவது தடவை வந்தால் ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று தளம் திருப்பி அனுப்பிவிடும். அரசுத் தளம் இதைச் சரியாக யோசித்துச் செய்திருக்கிறது, பாராட்டலாம். மோசமான பிளாட்ஃபார்ம் அந்தப் பதிலை ‘எரர்’ என்று மட்டும் காட்டும். பதறிப்போன ஊழியர் வேறு பில் எண் போட்டு அனுப்புவார். ஒரே சரக்குக்கு இரண்டு பில், இரண்டு மடங்கு வரி. 24 மணி நேரத்துக்குள் கவனித்தால் அதே தளத்தில் ரத்து செய்யலாம். தாண்டினால் கிரெடிட் நோட்டு, ஆடிட்டர், விளக்கம் என்று போகும்.

இதை டெமோவில் யாரும் காட்ட மாட்டார்கள். நாமதான் கேட்கணும்: ‘இப்போ நெட் கேபிளைப் பிடுங்குறேன், என்ன ஆகுதுன்னு காட்டுங்க.’

அடுத்தது கூட்டம். சாதாரண செவ்வாய்க்கிழமை ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போய்விட்டு, ‘கூட்டத்தை நல்லா சமாளிக்கிறாங்க’ என்று சொன்னால் உள்ளூர்க்காரர்கள் சிரிப்பார்கள். வைகுண்ட ஏகாதசி அன்று பரமபத வாசல் திறக்கும் நேரத்தில் வந்து பார்த்துவிட்டுச் சொல்லணும். கம்பெனிக்கு அந்த ஏகாதசி மாதக் கடைசி, அதிலும் மார்ச் 31. பத்து பில் வைத்துச் செய்யும் சோதனை செவ்வாய்க்கிழமை தரிசனம்தான். போன மார்ச்சின் நிஜ பில்களை மொத்தமாக சாண்ட்பாக்ஸில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்க. ‘&’ குறி போட்ட கம்பெனிப் பெயர், தவறான பின்கோடு, வராத ஹெச்எஸ்என் கோடு எல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

‘ரெடி’ என்று கடிதம் வந்தால்?

பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளை ஒரே வார இறுதியில் புது சிஸ்டத்துக்கு மாற்றியது. 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். அடுத்த ஆண்டு வந்த விசாரணை அறிக்கையில் இரண்டு விஷயங்கள் கவனிக்க வேண்டியவை. இருந்த இரண்டு டேட்டா சென்டர்களில் ஒன்றைத்தான் முழுப் பளுவில் சோதித்திருந்தார்கள். சிஸ்டத்தைக் கட்டிய சகோதர நிறுவனம் ‘தயார்’ என்று கொடுத்த உறுதிமொழிகளோ, முடிந்த வேலையைச் சொல்லவில்லை. ‘முடிந்துவிடும் என நம்புகிறோம்’ என்ற ரகம்தான். வங்கிக்கு 2022-ல் 4.86 கோடி பவுண்டு அபராதம். மறு ஆண்டு, அதன் தகவல் தொழில்நுட்பத் தலைவருக்குத் தனியாக 81,620 பவுண்டு. குற்றச்சாட்டு என்ன தெரியுமா? வெண்டர் ரெடியா என்று சரியாக உறுதிசெய்யாதது.

நம்ம ஊரில் இதற்காக ஒரு மேனேஜர் தன் பாக்கெட்டிலிருந்து கட்டிய கதை என் கண்ணில் படவில்லை.

திரும்பி வர வழி இருக்கிறதா என்பதும் முக்கியம். 2021 ஜூன் 7 அன்று இன்ஃபோசிஸ் உருவாக்கிய புதிய வருமான வரித் தளம் வந்தபோது, பழைய தளத்தை ஜூன் 1-லேயே மூடிவிட்டார்கள். புதியது திணறியதும் பழையதுக்குப் போக முடியவில்லை. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பத் தேவையான 15சிஏ, 15சிபி படிவங்களைக் காகிதத்தில் வங்கியில் கொடுக்க அனுமதித்தார்கள். சிங்கப்பூர், வளைகுடா உறவு இல்லாத தெரு குறைவான திருச்சியில் இதன் அர்த்தம் புரியும். 2,000-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்ததாக நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். ஆகஸ்ட் 21, 22-ல் தளம் முழுக்கப் படுத்துக்கொண்டது. 23-ம் தேதி நிறுவனத்தின் சிஇஓ-வை நிதியமைச்சர் நேரில் அழைத்து விளக்கம் கேட்டார்.

ஹெச்டிஎஃப்சி வங்கி 2024-ல் தன் கோர் பேங்கிங்கை மாற்றியபோது தேர்ந்தெடுத்த நாளைப் பாருங்க: ஜூலை 13, இரண்டாவது சனிக்கிழமை, வங்கி விடுமுறை. அதிகாலை 3 மணியிலிருந்து மாலை 4.30 வரை எந்தெந்த சேவை எப்போது இருக்காது என்று முன்கூட்டியே அறிவித்தது. நாள் குறிப்பதில்கூட தயார்நிலை தெரியும். துவாக்குடிக்காரர் மார்ச் கடைசி வாரத்தில் கோ-லைவ் போனதை நினைத்துப் பாருங்க. ஏப்ரல் பாதியில் தொடங்கி, ஒரு மாதக் கடைசியையாவது பழைய முறையும் புதியதும் சேர்ந்தே ஓட்டியிருக்கலாம். செலவு கூடும், அக்கவுண்ட்ஸ் ஆட்கள் திட்டுவார்கள். இருந்தாலும் அதைத்தான் செய்யச் சொல்வேன்.

சரி, லாரி இன்னும் கேட்டிலேயே நிற்கிறது. இப்போ என்ன வழி?

வழி இருக்கிறது. ஐஆர்பி ஒன்றல்ல, பல இருக்கின்றன. ஒன்று படுத்தால் பிளாட்ஃபார்ம் தானாக இன்னொன்றுக்குப் போகுமா என்று வாங்கும்போதே கேட்டிருக்கலாம். அதுவும் இல்லையா, பிளாட்ஃபார்மை ஓரம் கட்டிவிட்டு, நேராக அரசுத் தளத்தில் லாகின் செய்து அந்த ஒரு பில்லைக் கையால் ஏற்றலாம். பத்து நிமிட வேலை.

ஆனால் 2025 ஏப்ரல் 1 முதல் அந்த லாகினுக்கு எல்லோருக்குமே ஓடிபி கட்டாயம். ஓடிபி போவது பதிவு செய்த மொபைலுக்கு. அந்த நம்பர் யாருடையது, மார்ச் 31 மாலை 6 மணிக்கு அந்த போன் எங்கே இருக்கும் என்பதை கோ-லைவுக்கு முன்னாலேயே ஒரு பேப்பரில் எழுதி மானிட்டரில் ஒட்டிவையுங்க.