எல்லையைப் பக்கத்து ஊரோடு பேசுவோம்

கல்முனை மாநகர சபைக்குள் இருக்கும் சாய்ந்தமருதுக்குத் தனியான உள்ளூராட்சி சபை வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. 1987இல் பிரதேச சபை முறை வரும்வரை கல்முனைப் பட்டின சபையும், கரைவாகு வடக்கு, மேற்கு, தெற்கு என மூன்று கிராம சபைகளும் தனித்தனியே இயங்கின. அவற்றை ஒன்றாக்கியபோது ஊர் மக்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. இழந்ததைத் திருப்பிக் கேட்பது பிரிவினையாகாது.

2017 இறுதியில் அந்த ஊர் கடைகளை அடைத்து வீதிக்கு வந்தது. பெரிய ஜும்ஆப் பள்ளிவாசலின் தலைமையில், கட்சிகளை ஒதுக்கிவிட்டு ஒரு சுயேச்சைக் குழுவை நிறுத்தியது. 2018 பெப்ரவரி 10ஆம் திகதித் தேர்தலில் அந்தக் குழு தோடம்பழச் சின்னத்தில் சாய்ந்தமருதின் ஆறு வட்டாரங்களையும் வென்று, மாநகர சபையில் ஒன்பது ஆசனங்களைப் பெற்றது. முஸ்லிம் காங்கிரஸின் கோட்டை என்று சொல்லப்பட்ட மண்ணில், மர்ஹூம் அஷ்ரபின் அந்தக் கட்சியையே ஊர் ஒதுக்கிவைத்தது. கிழக்கிலங்கையின் அடிமட்ட அரசியலில் இது மறக்க முடியாத வெற்றி.

ஆனால் அந்த வெற்றியால் சபை கிடைத்ததா? 2020 பெப்ரவரி நடுப்பகுதியில் நகர சபைக்கான வர்த்தமானி வெளிவந்தது. ஊரில் கொண்டாட்டம். ஒரு வாரத்துக்குள் அமைச்சரவை அதை நிறுத்திவிட்டது. ஓர் அமைச்சரின் கையெழுத்தில் வந்தது, அடுத்த அமைச்சரவைக் கூட்டத்திலேயே போய்விட்டது. மேலிருந்து வாங்கும் உரிமைக்கு அவ்வளவுதான் ஆயுள்.

ஏன் போனது என்பதை நாம் நேர்மையாகப் பேச வேண்டும். சாய்ந்தமருது மட்டும் பிரிந்தால் எஞ்சிய மாநகர சபையில் தங்கள் பலம் குறையும் என்ற அச்சம் அயலூர்களான கல்முனைக்குடியிலும் மருதமுனையிலும் நற்பிட்டிமுனையிலும் இருக்கிறது. பிரிப்பதென்றால் பழையபடி நான்காகவே பிரியுங்கள் என்று அவர்கள் சொல்வது அதனால்தான். பாண்டிருப்பிலும் சேனைக்குடியிருப்பிலும் வாழும் தமிழ் மக்களுக்கோ கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தும் நீண்ட கோரிக்கை. 2019 ஜூனில் அதற்காக அவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள்; எதிர்த்து முஸ்லிம்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். இந்த அச்சங்கள் எதுவும் பொய்யல்ல. கொழும்பில் ஒரு கையெழுத்து இவற்றைத் தீர்க்காது. எல்லைக் கோட்டைக் கீறும் அமைச்சர் இங்கே வாழப் போவதில்லை. சந்தையிலும் ஆஸ்பத்திரியிலும் தினமும் முகம் பார்ப்பவர்கள் நாம்தான்.

இந்த இழுபறிக்கு நாம் இப்போது கொடுக்கும் விலை பெரிது. 2023 மார்ச்சில் மாநகர சபையின் பதவிக்காலம் முடிந்தது. 2025 மே 6இல் நாடெங்கும் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோதும், வழக்குக் காரணமாகக் கல்முனை மாநகர சபைக்கு வாக்களிப்பு நடக்கவில்லை. குப்பையைப் பற்றியும் வடிகானைப் பற்றியும் யாரிடம் கேட்பது? அதிகாரிகள் இருக்கிறார்கள். வாக்குக்குப் பதில் சொல்ல வேண்டிய உறுப்பினர் ஒருவருமில்லை.

எமது நிலைப்பாடு இதுதான். 2017இல் கடைகளை மூட வைத்த அதே உழைப்பும் ஒழுங்கும் இனி அயல் ஊர்களை நோக்கித் திரும்ப வேண்டும். முதலில் நான்கு ஊர்ப் பக்கங்களிலிருந்தும், தமிழர் முஸ்லிம்கள் இருவரும், ஒரே மேசையில் வரைபடத்தை விரிக்க வேண்டும். எல்லையில் உடன்பாடு கண்ட பிறகு எந்த அரசாங்கமும் சாக்குச் சொல்ல முடியாது.

அந்த மேசை பள்ளிவாசல் நம்பிக்கையாளர்களுக்கும் வர்த்தகர்களுக்கும் மட்டும் உரியதாக இருக்கக் கூடாது. உள்ளூராட்சிச் சபைகளில் பெண்களுக்கு 25 சதவீத இடம் சட்டமாகிவிட்ட நாட்டில், ஊர் முடிவை ஆண்கள் மட்டும் எடுப்பது சரியல்ல. சுனாமிக்குப் பிறகு குடும்பங்களைத் தூக்கி நிறுத்திய பெண்களுக்கு ஊரின் எல்லையைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. பள்ளிவாசலின் செல்வாக்கு மக்களைக் கூட்டிச் சேர்க்க உதவட்டும். மாற்றுக் கட்சிக்கு வாக்களிப்பவரை ஊர்த் துரோகியாக்க அது ஒருபோதும் பயன்படக் கூடாது.

அடுத்த தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வரும் தலைவர்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். சாய்ந்தமருதின் பொறுப்பாளர்களே முதல் அழைப்பை அனுப்புங்கள்: கல்முனைக்குடிக்கும் மருதமுனைக்கும் நற்பிட்டிமுனைக்கும், அதே நாளில் பாண்டிருப்புக்கும்.