பழைய ‘டிரங்க் அண்ட் டிரைவ்’ கேஸ் இருந்தால் பைலட் ஆக முடியாதா? அமெரிக்க விதி சொல்வது என்ன?

‘அது நடந்து பன்னிரண்டு வருஷம் ஆச்சு. கோர்ட்டே கேஸைத் தள்ளுபடி பண்ணிடுச்சு. அதைப் போய் எதுக்கு இப்போ எழுதணும்?’

அமெரிக்காவில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள நினைக்கும் சிலருக்கு, மருத்துவச் சான்றிதழுக்கான ஆன்லைன் படிவத்தைத் திறந்ததுமே மனதில் ஓடும் கேள்வி இது. காலேஜ் நாட்களில் ஒரு பார்ட்டி, திரும்பும் வழியில் போலீஸ் சோதனை, ஒரு ராத்திரி ஸ்டேஷன், பிறகு வக்கீல், அபராதம், வகுப்பு. எல்லாம் முடிந்து வேலை, குடும்பம் என்று வாழ்க்கை எங்கேயோ போய்விட்டது. இப்போது திடீரென்று ஒரு படிவம் அந்த ராத்திரியைப் பற்றிக் கேட்கிறது.

நேரடி பதில்: எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் எழுதினால் பைலட் கனவு முடிந்துவிடும் என்பது பெரும்பாலும் வீண் பயம். ஒரே ஒரு பழைய கைது, அளவு மிதமிஞ்சிப் போகாத போதை, அதற்குப் பிறகு எந்தச் சிக்கலும் இல்லை என்றால் சான்றிதழ் கிடைக்கவே வாய்ப்பு அதிகம். மறைத்தால்தான் கதை வேறு.

கேள்வி என்ன கேட்கிறது?

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் 8500-8 என்ற படிவத்தை ‘மெட்எக்ஸ்பிரஸ்’ இணையதளத்தில் நிரப்ப வேண்டும். அதில் 18-வது கேள்வி நீளமான பட்டியல். தலைவலி, ஆஸ்துமா, சர்க்கரை நோய் என்று போய்க்கொண்டே இருக்கும் அந்தப் பட்டியலின் கடைசிப் பகுதியில் ‘வி’ என்ற உட்பிரிவு வருகிறது. மது அல்லது போதைப்பொருளின் தாக்கத்தில் வண்டி ஓட்டியதாகக் கைது ஆனதுண்டா, தண்டனை பெற்றதுண்டா, அதனால் டிரைவிங் லைசென்ஸ் முடக்கப்பட்டதா, விழிப்புணர்வு வகுப்புக்கோ மறுவாழ்வுத் திட்டத்துக்கோ அனுப்பப்பட்டதா என்று அது கேட்கிறது.

இங்கே இரண்டு வார்த்தைகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ‘வாழ்நாளில் எப்போதாவது’. ஐந்து வருஷம், பத்து வருஷம் என்ற கணக்கே கிடையாது. இன்னொன்று, ‘கைது’. தண்டனையை மட்டும் கேட்டிருந்தால் வக்கீல் வைத்துத் தப்பித்தவர்கள் ‘இல்லை’ என்று எழுதிவிடலாம். கேள்வி கைதையும் சேர்த்தே கேட்கிறது. அதனால் கேஸ் தள்ளுபடி ஆனாலும், பேரம் பேசி ‘கவனமின்றி வண்டி ஓட்டினார்’ என்ற சின்னக் குற்றமாக மாறியிருந்தாலும், நீதிமன்றம் பதிவையே அழித்திருந்தாலும் பதில் ‘ஆமாம்’தான். அழிக்கப்பட்டது காகிதம், நடந்தது நடந்ததுதான் என்பது எஃப்.ஏ.ஏ.வின் நிலைப்பாடு.

கொஞ்சம் கடுமையாகத் தெரியலாம். ஆனால் நல்ல வக்கீலுக்குப் பணம் கொடுக்க முடிந்தவரும் முடியாதவரும் ஒரே கேள்விக்கு ஒரே பதிலைத் தர வேண்டியிருக்கிறது என்ற வகையில் இது நியாயமான கேள்வியும்கூட.

‘ஆமாம்’ என்று டிக் அடித்த பிறகு…

படிவத்துக்கு அடுத்து, எஃப்.ஏ.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம் போக வேண்டும். அவர் முன் மூன்று வழிகள்: அங்கேயே சான்றிதழ் கொடுக்கலாம், மறுக்கலாம், அல்லது முடிவெடுக்காமல் ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்.ஏ.ஏ. மருத்துவப் பிரிவுக்குக் கோப்பை அனுப்பலாம். எல்லோரும் பயப்படுவது இந்த மூன்றாவதுக்குத்தான். கோப்பு அங்கே போய்விட்டால் மாதக்கணக்கில் இழுப்பது சகஜம்.

இதைத் தவிர்க்க முடியுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, கையில் என்ன காகிதம் இருக்கிறது என்பதுதான். போலீஸ் அறிக்கை, ரத்தத்திலோ மூச்சிலோ இருந்த ஆல்கஹால் அளவு, நீதிமன்ற ஆவணங்கள், ஓட்டுநர் பதிவு, வகுப்புக்குப் போயிருந்தால் அதை முடித்த சான்று. இவற்றோடு சொந்தக் கையால் ஒரு விளக்கக் கடிதம்: எந்தத் தேதி, எந்த ஊர், எவ்வளவு குடித்தது, இப்போது குடிப்பழக்கம் எப்படி. சம்பவம் நடந்து பத்துப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தால் அந்த ஊர் நீதிமன்றத்தில் கோப்பே இல்லாமல் போயிருக்கலாம். அப்போது ‘எங்களிடம் இதற்கான பதிவு இல்லை’ என்று அந்த அலுவலகமே எழுதிக் கொடுக்கும் கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் போடுவதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிட வேண்டும். பலர் தலைகீழாகச் செய்து மாட்டிக்கொள்கிறார்கள்.

அந்த ஆல்கஹால் அளவுதான் மொத்தக் கோப்பின் உயிர்நாடி. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் சட்ட வரம்பு 0.08. அதாவது 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம். யூட்டா மாநிலத்தில் மட்டும் 0.05. எஃப்.ஏ.ஏ. பார்க்கும் கோடு 0.15. அதைத் தாண்டியிருந்தாலோ, பரிசோதனைக்கே மறுத்திருந்தாலோ மருத்துவர் தானாக சான்றிதழ் கொடுக்க மாட்டார். போதைப் பழக்க நிபுணர் ஒருவரின் மதிப்பீடு தேவைப்படும். அந்தச் செலவும் விண்ணப்பதாரர் தலையில்தான்.

ஏன் 0.15? புதிதாகக் குடிப்பவருக்கு அந்த அளவில் சாவியைத் துளைக்குள் விடவே கை நடுங்கும். அந்த நிலையிலும் ஒருவர் வண்டியை எடுத்து ஹைவே வரை வந்திருக்கிறார் என்றால், உடம்பு மதுவுக்குப் பழகிப்போயிருக்கிறதா என்று மருத்துவர்கள் சந்தேகிப்பார்கள். அமெரிக்க விமான விதிகளிலேயே, மதுவைத் தாங்கும் சக்தி கூடுவது அடிமைத்தனத்தின் அடையாளங்களில் ஒன்றாக எழுதப்பட்டிருக்கிறது. பரிசோதனைக்கு மறுத்தவருக்கு எந்த எண்ணும் இல்லை என்பதால், அவரையும் அதே வரிசையில்தான் வைக்கிறார்கள்.

ஒன்றா, இரண்டா?

ஒரு சம்பவத்தை ‘தவறிய ராத்திரி’ என்று ஏற்க விதிகளில் இடம் இருக்கிறது. இரண்டாவது வந்துவிட்டால் பார்வையே மாறிவிடும். உடலுக்கோ உயிருக்கோ ஆபத்தான சூழலில் கடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மது அருந்தி, அதற்கு முன்பு எப்போதாவது அதேபோல இன்னொரு முறை நடந்திருந்தால், அது ‘துஷ்பிரயோகம்’ என்ற சட்ட வரையறைக்குள் வந்துவிடும். அடிமைத்தனம் என்று மருத்துவர்கள் முடிவு செய்தால், குறைந்தது கடந்த இரண்டு ஆண்டுகள் முழுமையாக மதுவை விட்டதற்கான மருத்துவ ஆதாரம் வேண்டும்.

அப்போதும் கதவு மூடிவிடுவதில்லை. 1970-களில் விமான நிறுவன பைலட்டுகளுக்காகத் தொடங்கிய ‘ஹிம்ஸ்’ என்ற மறுவாழ்வுத் திட்டம் இன்றும் நடக்கிறது. சிகிச்சை, தொடர் கண்காணிப்பு, திடீர்ப் பரிசோதனைகள் என்று அதற்கான விலை அதிகம். ஆனால் அதன் வழியாகப் பலர் மறுபடியும் காக்பிட்டுக்குள் போயிருக்கிறார்கள்.

இதில் அமெரிக்க விமானத் துறை இன்றும் பேசும் பெயர் லைல் ப்ரௌஸ். 1990 மார்ச் மாதம், நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்றை மூன்று பேர் கொண்ட குழு போதையில் ஃபார்கோவிலிருந்து மினியாபொலிஸுக்கு ஓட்டியது. ப்ரௌஸ்தான் கேப்டன். விமானம் பத்திரமாக இறங்கியது. மூவரும் கைதானார்கள், லைசென்ஸ் பறிபோனது, சிறைக்கும் போனார்கள். ப்ரௌஸ் மதுவை விட்டார். ஒவ்வொரு லைசென்ஸையும் முதலிலிருந்து எழுதி வாங்கினார். அதே நிறுவனத்துக்குத் திரும்பி, 747 கேப்டனாக ஓய்வு பெற்றார். 2001 ஜனவரியில் அதிபர் கிளின்டன் அவருக்கு மன்னிப்பும் வழங்கினார். பயணிகளோடு போதையில் பறந்தவருக்கே திரும்பிவர வழி இருந்தது என்றால், பழைய கார் கேஸ் ஒன்றுக்காக ஒருவர் படிவத்தில் பொய் சொல்ல வேண்டிய அவசியம் என்ன?

மறைத்தால்?

படிவத்தில் கையெழுத்து போடும்போதே, தேசிய ஓட்டுநர் பதிவேட்டில் தன் பெயரைத் தேடிப் பார்க்க விண்ணப்பதாரர் எஃப்.ஏ.ஏ.வுக்கு அனுமதி கொடுத்துவிடுகிறார். அதில் சிக்காவிட்டாலும் நீதிமன்றப் பதிவு, வேலைக்கு எடுக்கும்போது நடக்கும் பின்னணிச் சோதனை, பாதுகாப்புச் சோதனை என்று வேறு வழிகள் இருக்கின்றன. அரசு தரவுத்தளங்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்ப்பது இப்போது புதிதல்ல. முன்னாள் ராணுவத்தினருக்கான உடல்நல உதவித்தொகை வாங்கிக்கொண்டே, அந்த உடல்நலப் பிரச்சினையை விமான மருத்துவப் படிவத்தில் சொல்லாமல் விட்டவர்கள் என்ற சந்தேகத்தில் சுமார் 4,800 பைலட்டுகளின் கோப்புகளை எஃப்.ஏ.ஏ. ஆராய்ந்தது 2023-ல் வெளிச்சத்துக்கு வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை கம்ப்யூட்டர் காலத்தில் செல்லுபடியாகாது.

பொய் நிரூபணமானால் மருத்துவச் சான்றிதழ் மட்டுமல்ல, கையில் இருக்கும் எல்லா பைலட் சான்றிதழ்களையும் ரத்து செய்ய விதி இடம் தருகிறது. மத்திய அரசுக்குப் பொய்த் தகவல் தந்த குற்றத்துக்கு 5 ஆண்டுகள் வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம் என்று அந்தப் படிவமே எச்சரிக்கிறது. குடித்துவிட்டுக் கார் ஓட்டியதற்குக் கிடைத்த தண்டனையைவிட, அதை எழுதாமல் விட்டதற்கான தண்டனை பல மடங்கு பெரிது.

இன்னொரு பொறியும் இருக்கிறது. ஏற்கெனவே பைலட் சான்றிதழ் வைத்திருப்பவர், அது வெறும் மாணவர் சான்றிதழாக இருந்தாலும், மது தொடர்பாகத் தண்டனை பெற்றாலோ டிரைவிங் லைசென்ஸ் முடக்கப்பட்டாலோ 60 நாட்களுக்குள் எஃப்.ஏ.ஏ.வின் பாதுகாப்புப் பிரிவுக்குத் தனியாகக் கடிதம் எழுத வேண்டும். லைசென்ஸ் முடக்கம் ஒரு கடிதம், பிறகு தீர்ப்பு வந்தால் இன்னொரு கடிதம். ‘மருத்துவப் படிவத்தில்தான் சொல்லிட்டேனே’ என்ற சமாதானம் எடுபடாது. இரண்டும் வேறு வேறு அலுவலகம். நேர்மையாக இருந்தும் மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

இந்தியர்கள் கவனிக்க வேண்டியது

பயிற்சிக்காக அமெரிக்கா போகும் இந்திய மாணவர்களும், அங்கே ஐ.டி. வேலையில் இருந்துகொண்டு வார இறுதியில் விமானம் ஓட்டக் கற்பவர்களும் நிரப்புவது இதே படிவத்தைத்தான். எந்த நாட்டில் நடந்தது என்ற வரம்பு அந்தக் கேள்வியில் இல்லை. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவுப்படி வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான். அமெரிக்க வரம்பில் பாதிகூட இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. ‘ஃபைன் கட்டி வண்டியை எடுத்துட்டு வந்துட்டோம், அவ்வளவுதான்’ என்று நம்மூரில் சாதாரணமாகச் சொல்வோம். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டிய அபராதம் தண்டனைதான். படிவத்தில் அதுவும் வரும்.

அமெரிக்காவில் விசாவில் இருப்பவருக்குச் சிக்கல் இரட்டை. கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் போதையில் வண்டி ஓட்டியதாகக் கைதானவரின் விசாவை, தண்டனைக்குக் காத்திராமலே ரத்து செய்ய அந்நாட்டு வெளியுறவுத் துறை 2015 முதல் வழிவகுத்திருக்கிறது. அமெரிக்காவுக்குள் இருக்கும்வரை பெரிதாகத் தெரியாது. ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பப் புது விசா கேட்கும்போது தெரியும்.

எஃப்.ஏ.ஏ. பக்கமும் குறை இல்லாமல் இல்லை. உண்மையைச் சொல்பவரின் கோப்பு மாதக்கணக்கில் ஓக்லஹோமாவில் தூங்க, மறைத்தவர் மறுநாளே பயிற்சி விமானத்தில் ஏறுகிறார் என்றால், அந்த அமைப்பு எதை ஊக்குவிக்கிறது? மனநலப் பிரச்சினைகளை மறைக்கும் பைலட்டுகள் விஷயத்தில் இதே கேள்வி எழுந்து, தண்டனைப் பயமின்றி உண்மையைச் சொல்ல வழி வேண்டும் என்று எஃப்.ஏ.ஏ. அமைத்த குழுவே 2024 ஏப்ரலில் பரிந்துரைத்தது. முன்பு ‘இல்லை’ என்று டிக் அடித்துவிட்டு இப்போது திருத்த நினைப்பவர், விமானச் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் பேசாமல் அடுத்த படிவத்தைத் தொடக் கூடாது.