முப்பத்து நான்கு பேர்

லேக் கார்டன்ஸில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு கார் ஷெட் இருக்கிறது. அதில் கார் இல்லை. சொந்தக்காரரின் மகன் பழைய மெத்தைகளையும் ரஜாய்களையும் சுவரோரமாகச் சாய்த்து வைத்து, நண்பர்கள் மூவருடன் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பாட்டுப் பயிற்சி செய்கிறான். பாட்டு என்பது அவர்களுடைய சொல். இரண்டாவது மாடியிலிருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிக்கு அது இடி. என் மனைவிக்குத் தலைவலி. எந்தப் பாட்டும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் நீடிப்பதில்லை என்பது ஆறுதல்தான். ஆனால் மூச்சு விடுவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும்.

சென்ற குளிர்காலத்தில், குடியிருப்போர் அமைதியைக் கருதி இந்தச் சத்தத்தை நிறுத்தவேண்டும் என்று ஒரு காகிதம் வீடு வீடாக வந்தது. நானும் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் காலைக்குள் ஒரு மொழிபெயர்ப்பை முடித்தாக வேண்டிய இரவு அது. துர்கா பூஜை நாட்களில் நடுநிசி வரை ஒலிபெருக்கி அலறுவதைப் பற்றி இந்தத் தெருவில் ஒரு காகிதமும் வந்ததில்லை என்பது கையெழுத்துப் போட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நால்வரில் பேஸ் கிட்டார் வாசிப்பவன் தமிழ்ப் பையன். தாத்தா காலத்தில் வேலை தேடி இங்கே வந்த குடும்பம். லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு பாட்டி நடக்க, பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வருவான். அப்படி ஒரு நாள் வழியில் பார்த்தபோது கேட்டான்: "மாமா, நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்களாமே?" குரலில் கோபம் இல்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. "சனிக்கிழமை எங்க ஷோ இருக்கு. ஒரு தடவை வந்து கேட்டுட்டு அப்புறம் போட்டிருக்கலாமே?"

சொல்ல பதில் இல்லாததால் போனேன்.

டோலிகஞ்ச் பக்கத்தில் ஒரு மாடி அறை. மூன்று குழுக்கள். டிக்கெட் 200 ரூபாய். கூட்டத்தை எண்ணிப் பார்த்தேன். என்னையும் சேர்த்து முப்பத்து நான்கு பேர். அவர்களில் பதினொரு பேர் மேடையேற வேண்டியவர்கள். ஒரு குழு வாசிக்கும்போது மற்ற இரண்டும் கீழே நின்று கைதட்டின. பிறகு இவர்கள் இறங்கி அவர்களுக்குத் தட்டினார்கள். மிச்சம் இருபத்து மூன்று பேர் டிக்கெட் வாங்கியவர்கள். அதிலும் பாதிப் பேர் கடைசி மெட்ரோவைப் பிடிக்க நடுவிலேயே கிளம்பிவிட்டார்கள். வசூல் 4,600 ரூபாய். அறை வாடகைக்கும் ஒலி அமைப்புக்கும் 4,000 போயிற்று. குழுவுக்கு 200 ரூபாய் கிடைத்தது. ஆம்ப்ளிஃபையரை வீட்டுக்குக் கொண்டுவந்த டாக்ஸிக்கு 350 கொடுத்தார்கள்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு எதற்காக வாசிக்கிறார்கள்?

அவர்கள் வாசிப்பது பங்க் ராக். தெரியாத வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் கிளம்பிய இசை அது. ராக் இசை அப்போது பெரிய மைதானங்களுக்கும் பெரிய பணத்துக்கும் போய்விட்டிருந்தது. அதன்மேல் எரிச்சல் கொண்ட இளைஞர்கள் மூன்று ஸ்வரக்கூட்டுகள் தெரிந்தால் போதும், மேடையேறலாம் என்றார்கள். மேதைமை வேண்டாம், கம்பெனி வேண்டாம், அனுமதி வேண்டாம். பாட்டை நீயே எழுது, தட்டை நீயே வெளியிடு.

1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டர் நகரின் ஒரு சிறிய அரங்கில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு வாசித்தது. நாற்பது பேர் போல வந்திருந்தார்கள். அந்த நிகழ்ச்சியை ஏற்பாடு செய்த இரண்டு இளைஞர்களின் பஸ்காக்ஸ் குழு, 1977 ஜனவரியில் கடன் வாங்கிய பணத்தில் தன் முதல் இசைத்தட்டைத் தானே வெளியிட்டது. ஜாய் டிவிஷன் குழு பிறந்ததும் அந்தக் கூட்டத்திலிருந்துதான். அந்த அரங்கில் அன்று நானும் இருந்தேன் என்று பிற்காலத்தில் சொல்லிக்கொண்டவர்கள் ஆயிரக்கணக்கில். அன்று டிக்கெட் விலை அரை பவுண்டுதான்.

இதே காலத்தில் கல்கத்தாவிலும் ஒரு குழு இருந்தது. லேக் கார்டன்ஸுக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் இருக்கிறது நாக்தலா. அங்கே கௌதம் சட்டோபாத்யாய் என்பவரின் வீட்டில் 1975-ல் ஏழு பேர் கூடினார்கள். ஏழு பேர் என்பதால் முதலில் சப்தரிஷி என்று பெயர் வைத்தார்கள். ஒரு கட்டத்தில் 'கௌதம் சட்டோபாத்யாய் பி.எஸ்ஸி.யும் சம்பிரதாயமும்' என்று நாடகக் கம்பெனியைக் கிண்டல் செய்வதுபோல ஒரு பெயர். கடைசியில் நிலைத்தது 'மொஹினேர் கோராகுலி', அதாவது மொஹினின் குதிரைகள். ஜீவனானந்த தாஸின் கவிதை ஒன்றிலிருந்து ரஞ்சன் கோஷால் எடுத்துக் கொடுத்த பெயர் அது. இங்கிருந்து நடந்து போகக்கூடிய ராஷ்பிஹாரி அவென்யூவில் 1954-ல் டிராம் மோதி இறந்துபோனார் அந்தக் கவிஞர். அவர் எழுதிய நாவல்கள் அச்சானது அவர் போன பிறகு.

குதிரைகள் வாசித்தது பங்க் இல்லை. பாவுல் பாட்டும் ஜாஸும் மேற்கத்திய நாட்டுப்புற இசையும் கலந்த ஒன்று. ஆனால் வாழ்ந்த விதம் அதுதான். கௌதம் அதற்கு முன் பார்க் ஸ்ட்ரீட் ஓட்டல்களில் ஆங்கிலப் பாட்டு வாசித்தவர். நக்ஸல்பாரி இயக்கத் தொடர்பால் சிறைக்குப் போய், பிறகு சில காலம் மாநிலத்துக்கு வெளியே இருந்துவிட்டுத் திரும்பியவர். வந்தவர் சொந்த மொழியில், சொந்தத் தெருவைப் பற்றிப் பாட விரும்பினார். காதலையும் நிலவையும் இனிமையாகக் கேட்டுப் பழகிய வங்காளக் காதுக்கு அது பாட்டாகவே படவில்லை. 1977, 78, 79 என்று வருஷத்துக்கு ஒன்றாக மூன்று சிறிய இசைத்தட்டுகள் வந்தன. ஸ்டார் தியேட்டர், மாக்ஸ் முல்லர் பவன், ரவீந்திர சதன் என்று விரல்விட்டு எண்ணும்படியான மேடைகள். 1981-ல் குழு கலைந்தது. ரஞ்சன் கோஷால் பெங்களூரில் விளம்பரம், நாடகம் என்று இறங்கினார். கௌதம் படம் எடுக்கப் போனார். அவருடைய 'நாக்மதி' தேசிய விருது பெற்றது. மற்றவர்களும் ஆளுக்கொரு பிழைப்பைத் தேடிக்கொண்டார்கள்.

பதினான்கு வருஷம் கழித்து, 1995 புத்தகக் கண்காட்சியில் கௌதம் ஒரு காஸெட் கொண்டுவந்தார். பழைய பாட்டுகளோடு புதிய பாட்டுகளும், புதிய இளைஞர்களும். இம்முறை கல்லூரி மாணவர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். வங்காளத்தில் பாண்டு என்ற சொல்லுக்கே மவுசு வந்தது. 1999 ஜூனில் கௌதம் காலமானார். அந்த காஸெட்டில் இருந்த ஒரு பாட்டின் மெட்டைத்தான் 2006-ல் 'கேங்ஸ்டர்' இந்திப் படத்தின் 'பீகீ பீகீ' பாட்டாக நாடு முழுக்கக் கேட்டது. நம் ஊர் டீக்கடைகளிலும் கேட்டிருப்பீர்கள்.

இன்று கொல்கத்தாவில் இவர்களைப் பற்றிப் பேச்சு எடுத்தால் தவறாமல் ஒரு வாக்கியம் வரும்: "காலத்துக்கு முன்னால் பிறந்தவர்கள்." கேட்க மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு இந்த வாக்கியத்தின்மேல் சந்தேகம் உண்டு. 1977-ல் அந்தத் தட்டு கடையில் இருந்தது. சில பேர் அதை வாங்கத்தான் செய்தார்கள். வாங்கியவர்களுக்கும் அதே காலம்தான். வாங்காதவர்கள் பின்னால் குற்றத்தைக் காலத்தின்மேல் போட்டுவிட்டு, புகழில் மட்டும் பங்கு கேட்கிறார்கள். மான்செஸ்டர் அரங்கில் இருந்ததாகச் சொன்ன ஆயிரம் பேரைப் போல.

இந்தக் கணக்கு வெறும் கௌரவப் பிரச்னை இல்லை. குழுவை ஆரம்பித்தவர்களில் ஒருவர் தாபஸ் தாஸ். பாபி என்றால் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்ற செய்தி வந்தபோது சிகிச்சைக்குப் பணம் இல்லை. கொல்கத்தாவின் இசைக்குழுக்கள் நிதி திரட்ட நிகழ்ச்சி நடத்தின. 2023-ல் மாநில அரசு சிகிச்சைப் பொறுப்பை ஏற்றது. மூக்கில் குழாயோடு அவர் மேடையேறிப் பாடினார். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அந்த ஜூன் மாதமே இறந்துபோனார். ஒரு தலைமுறைக்கே பாட்டுக் கொடுத்தவருடைய ஆஸ்பத்திரிச் செலவுக்கு உண்டியல் குலுக்க வேண்டியிருந்தது. முதலில் குலுக்கியவர்களும் சின்னச் சின்ன மேடைகளில் வாசிக்கிறவர்கள்தான்.

சனிக்கிழமை மாடிப்படியில் நின்றபோது எனக்கு இது கொஞ்சம் புரிந்தது. மூன்று குழுக்களின் பையன்களும் சிகரெட்டும் டீயுமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எந்த இடத்தில் பணம் ஒழுங்காகக் கொடுப்பார்கள், எங்கே ஆம்ப்ளிஃபையரை நாமே தூக்கிக்கொண்டு போகவேண்டும், எந்த முதலாளி நடுவில் வந்து இந்திப் பாட்டு கேட்பார், எங்கே வாசித்தவனுக்குச் சாப்பாடு உண்டு. எம்.ஏ. வகுப்பில் மனப்பாடம் செய்த ஒன்றைத் திடீரென்று கண்ணெதிரே பார்த்தேன். ஆற்றுப்படை! பரிசில் பெற்று வரும் பாணன் எதிரே பசியோடு வரும் பாணனுக்கு வழி சொல்வது. எந்த ஊர் வழியாகப் போகவேண்டும், யார் சோறு போடுவார், எந்த மன்னன் கை நிறையக் கொடுப்பான். பத்துப்பாட்டில் சரிபாதி, ஐந்து பாட்டுகள், இந்த வகை.

ஆனால் ஒரு வித்தியாசம். சங்கப் பாணன் வழி சொன்னால் அந்த வழியின் முடிவில் ஒரு வள்ளல் இருந்தான். இந்தப் பையன்களுக்கு அப்படி யாரும் இல்லை. நகரம் கொடுப்பது 200 ரூபாய் டிக்கெட். அதையும் இருபத்து மூன்று பேர்தான் கொடுத்தார்கள்.

பாட்டு எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். பாதி வார்த்தை காதில் விழவில்லை. ஒரு பாட்டில் டிரம்ஸ் ஒரு வழியும் கிட்டார் ஒரு வழியும் போயிற்று. இன்னொரு பாட்டு, வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டும் புரோக்கரைப் பற்றியது, லேக் கார்டன்ஸில் நடக்காத தெருவே இல்லாத விஷயம். அது என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. என் தலைவலி எதனால் வருகிறது என்று முதல்முறையாக வார்த்தையோடு கேட்டேன்.

இந்த நால்வரும் நாளைய மொஹினின் குதிரைகள் என்று சொல்ல நான் வரவில்லை. ஒருவனுக்குப் பெங்களூரில் வேலைக்கான இன்டர்வியூ இருக்கிறது. அடுத்த வருஷம் ஷெட்டில் கார் வந்து நிற்கலாம். அதனால் என்ன? பின்னால் புகழ் வந்தால்தான் சனிக்கிழமை ராத்திரி வாசித்ததற்கு அர்த்தம் என்றால், அதுவும் காலத்தின்மேல் பழி போடுகிற அதே பேச்சுதான். அன்று வாசித்ததற்கு அன்றே கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிட்டால், இருபது வருஷம் கழித்து யாரும் வருத்தப்படவேண்டி இருக்காது.

போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்க முடியவில்லை. கட்டடக் கூட்டத்தில் எழுந்து, ஞாயிறு மாலை நான்கு முதல் ஆறு வரை அவர்களுக்கு விட்டுவிடலாம் என்றேன். "உங்க காது கெட்டுப்போச்சா?" என்றார் வங்கி அதிகாரி. அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பின் மூன்று மாதம் பார்க்கலாம் என்று முடிவாயிற்று.

படியிறங்கும்போது தமிழ்ப் பையன் காத்திருந்தான். "தேங்க்ஸ் மாமா. அடுத்த மாசம் ஷோ இருக்கு. இந்தத் தடவை மாமியையும் கூட்டிட்டு வாங்க."

இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டேன். மாமியிடம் சொல்லத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.